துணைக்காலுக்கு வைத்த புள்ளி

பத்தாம் வகுப்புக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து வினா கேட்கலாம் என்று, பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றிலிருந்து அரைப்பக்கத்தை விக்கிமூலத்தில் எடுத்து ஒட்டினேன். பத்தியில் 'அவர்' என்று வரும் இடத்திலெல்லாம் ஆளின் பெயரைப் போட்டால் பிள்ளைகளுக்குப் புரியும். தேடு பெட்டியில் 'அவர்' என்று தட்டினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது கணினி. கண்ணெதிரே ஏழு இடத்தில் இருக்கிறது. மறுபடி தட்டினேன். மறுபடியும் இல்லை.

கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்தச் சொல்லைப் பெரிசாக்கிப் பாருங்க. கடைசி எழுத்து ரகரமே இல்ல. துணைக்காலுக்கு மேல புள்ளி வச்சிருக்கு."

பெரிதாக்கினேன். 'அவர்' இல்லை, 'அவா்'. வகரத்துக்குத் துணைக்கால், அந்தக் காலின் தலையில் ஒரு புள்ளி. தமிழ் நெடுங்கணக்கில் எங்குமே இல்லாத ஓர் உரு. பதினெட்டு வருடம் தமிழ் நடத்தியவள், அதைப் பார்த்தும் 'அவர்' என்றே படித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"யாருடா இப்படி அடிச்சது?"

"யாரும் அடிக்கலம்மா. கணினி படம் பார்த்துப் படிச்சது. நீங்களே திருத்தலாம். மேல 'தொகு'ன்னு இருக்கும் பாருங்க."

இருந்தது. இத்தனை நாள் அந்தச் சொல் என் கண்ணில் பட்டதேயில்லை.

கணினி படித்த தமிழ்

விக்கிமூலம் விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறார்கள். விக்கிமூலத்தில் புதிதாக எதையும் எழுதுவதில்லை. ஏற்கெனவே அச்சில் வந்த, உரிமைச் சிக்கல் இல்லாத நூல்களைத் தேடவும் படிக்கவும் ஏற்ற எழுத்தாக மாற்றி வைக்கிறார்கள். இரண்டையும் இயக்குவது மீடியாவிக்கி என்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், தம் தளத்தில் பயன்படுத்தலாம். உள்ளே இருக்கும் பக்கங்களும் அப்படித்தான். சம்பளத்துக்கு ஆள் வைத்துத் திருத்தும் ஆசிரியர் குழு ஒன்றும் அங்கே கிடையாது. படிக்க வருகிறவர்தான் திருத்துகிறவரும்.

தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். நாட்டுடைமை ஆனபின் அந்த நூல்கள் எங்கே போகின்றன என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் அப்படிப்பட்ட நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தது. அவற்றில் 2000-க்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். தன்னார்வலர்கள் நிரல் எழுதி, அந்தப் படங்களை எழுத்துணரிக்குள் தள்ளி, வந்த எழுத்தை அப்படியே பக்கங்களில் கொட்டிவிட்டார்கள். இலட்சக்கணக்கான பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்வது நடக்கிற காரியமா? கணினி தொண்ணூறு பங்கு வேலையைச் செய்து கொடுத்துவிட்டது. மிச்சப் பத்துப் பங்கில்தான் 'அவா்' உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்ப ஆள் வேண்டும்.

அன்றிரவு இன்னொன்றும் உறைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்நூல்களை எத்தனையோ முறை இறக்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். சங்கப் பாடல் ஒன்று வேண்டுமென்றால் அலமாரிக்குப் போவதைவிட அங்கே போவதுதான் எனக்குச் சுலபம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டியதால்தான் அது என் கையில் இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கம்

மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியில் உட்கார்ந்தேன். அவள் கல்லூரிக்குப் போனபின் அது என் சொத்து. முதலில் கணக்கு தொடங்கச் சொன்னான் மாணவன். "கணக்கு இல்லாமலும் திருத்தலாம்மா. ஆனா மெய்ப்பு பார்த்தாச்சுன்னு குறிக்க முடியாது. சொந்தப் பேருதான் வேணும்னு இல்ல." புனைபெயர் ஒன்று வைத்தேன். என்னைப் பற்றிய பக்கத்தில் 'தமிழாசிரியை' என்று மட்டும் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து மணல்தொட்டி. என்ன எழுதினாலும் யாருக்கும் நட்டமில்லாத பயிற்சிப் பக்கம். பெயரே பிடித்துப்போயிற்று. நான் முதலில் 'அ' எழுதியதும் மணலில்தான். ஒரு சொல்லின் இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறியை மூன்று மூன்று முறை இட்டால் தடித்த எழுத்து, இரண்டிரண்டு முறை இட்டால் சாய்ந்த எழுத்து. இதை நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டு, என் 'அவர்' இருந்த நூலுக்கே போனேன்.

தொகுக்கும் பக்கத்தைத் திறந்தால் இடப்புறம் எழுத்துப் பெட்டி, வலப்புறம் நூலின் படம். இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான். கேட்கச் சுலபம். அந்த முதல் பக்கத்துக்கு எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று.

அச்சில் வரி முடிகிற இடத்திலெல்லாம் கணினியும் வரியை முறித்திருந்தது. அவற்றைச் சேர்த்துப் பத்தியாக்க வேண்டும். பழைய நூல்களில் வரி போதாவிட்டால் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். பல இடங்களில் இணைப்புக்குறிகூட இருக்காது. ஆகவே 'வந் தான்' என்று நடுவில் இடைவெளியோடு நின்றது. அதைச் சேர்க்கலாம் என்பது தமிழ் தெரிந்தவருக்குத்தான் தெரியும். இந்த இடத்தில் நான் தேவைப்படுகிறேன் என்று ஒரு நிறைவு வந்தது.

பக்கத்தின் உச்சியில் நூலின் பெயரும் பக்க எண்ணும் இருந்தன. அவற்றை அழித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அழிக்கக் கூடாது, மேலடிக்கென்று இருக்கும் தனிப் பெட்டிக்கு நகர்த்த வேண்டும் என்று. பக்கங்களைச் சேர்த்து ஓர் அத்தியாயமாகக் காட்டும்போது அந்தப் பெட்டியில் இருப்பது மறைந்துகொள்ளும். பொது உரையிலேயே விட்டால் வாக்கியத்தின் நடுவே '43' என்று ஓர் எண் முளைத்து நிற்கும். நடுவில் வரவேண்டிய தலைப்புக்கு ஒரு வார்ப்புரு, பாட்டு வரிகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு குறி. அச்சுப்பக்கம் கண்ணுக்குக் காட்டும் ஒவ்வொன்றையும் கணினிக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியில் சுருக்கம் எழுதும் பெட்டி. என்ன மாற்றினோம் என்று ஒரு வரி. பலர் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். 'வரிகள் சேர்ப்பு, ரகரத் திருத்தம்' என்று எழுதினேன். சேமிக்கும் பொத்தானில் சுட்டியை வைத்தபின் விரல் அமுங்கவில்லை. உலகமே பார்க்கும் பக்கத்தில் தப்பு செய்துவிட்டால்? போனில் கேட்டேன்.

"எதுவும் அழியாதும்மா. பழசு எல்லாம் 'வரலாறு'ல அப்படியே இருக்கும். தப்புன்னா ஒரு சொடுக்குல பழைய நிலைக்குத் திருப்பிடலாம்."

அமுக்கினேன். அந்த ஏழு பேரும் ரகரத்தோடு நிமிர்ந்தார்கள்.

பதினொரு பக்கப் பாவம்

அடுத்த வாரம் எனக்கு வேகம் வந்துவிட்டது. வேகத்தோடு சிவப்பு மைப் பேனாவும் வந்துவிட்டது. 'முயற்சித்தான்' என்று நூலில் இருந்தது. வினைச்சொல் முயல்தல், எனவே 'முயன்றான்' என்று மாற்றினேன். 'சுவற்றில்' இருந்தது. சுவர் காய்ந்து வறண்டா போயிற்று என்று ஆண்டுதோறும் வகுப்பில் கேலி செய்கிற சொல் அது. 'சுவரில்' ஆக்கினேன். வல்லினம் மிக வேண்டிய இடங்களில் எல்லாம் மிகவைத்தேன். ஞாயிறு மாலைக்குள் பதினொரு பக்கம் முடிந்தது. இவ்வளவு பெரிய எழுத்தாளரின் நூலில் இத்தனை பிழையா என்று அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

திங்கள் மாலை பள்ளி விட்டு வந்து பார்த்தால், பதினொரு பக்கத்திலும் என் திருத்தங்களில் பாதியைக் காணோம். வரி சேர்த்ததெல்லாம் இருக்கிறது. முயன்றவன் மறுபடியும் முயற்சித்துக்கொண்டிருக்கிறான். என் உரையாடல் பக்கத்தில் மூத்த பங்களிப்பாளர் ஒருவர் எழுதியிருந்தார். வணக்கமும் நன்றியும் சொல்லிவிட்டு, என் மாற்றங்கள் இலக்கணப்படி சரிதான் என்றும், ஆனால் நூலில் அப்படி இல்லை என்றும், நூலில் இருப்பதைத் தருவதே இங்கு நம் வேலை என்றும் எழுதியிருந்தார். முடிவில் ஒரு வரி: "அம்மா, 'அயத்துப்போனேன்' என்பதை 'அயர்ந்துபோனேன்' என்று மாற்றியுள்ளீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அயத்துப்போவது என்றால் மறந்துபோவது."

முகம் சூடாகிவிட்டது. முகம் தெரியாத ஒருவர் எனக்குத் தமிழ் சொல்லித்தருவதா? மாணவனுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். "பிழையான தமிழை இணையத்துல ஏத்தி வச்சா, பிள்ளைங்க அதையேதானடா படிக்கும்?" அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று கேட்டான்.

"அந்தக் கட்டுரையில அவரு எதை மறந்தாரும்மா?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுக்க 'அயத்துப்போனேன்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த பத்தியில் பாதி வழியிலிருந்து அதற்காகத் திரும்பி நடக்கிறார். என் திருத்தத்தின்படி அவர் கடிதத்தை எடுக்கத் தூங்கிப்போயிருந்தார். சொல்லைத் திருத்திய நான் வாக்கியத்தைப் படிக்கவேயில்லை.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை வருடா வருடம் நடத்துகிறேன். ஊர் ஊராக அலைந்து ஏடுகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்தார் என்று சொல்லும்போது குரலை உயர்த்துவேன். பாடவேறுபாடு என்பது ஐந்து மதிப்பெண் வினா. ஏட்டில் இருப்பது தனக்குப் புரியாதபோது தன் கையைக் கட்டிப்போட்டுக்கொள்வதுதான் அதன் பொருள் என்பது, என் திருத்தம் பதினொரு பக்கத்திலும் திருப்பப்பட்ட பிறகுதான் விளங்கியது.

மறுநாள் அந்த மூத்தவருக்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு கேட்டுவிட்டு, உண்மையான அச்சுப்பிழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அச்சில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு, சரியான வடிவம் இதுவாக இருக்கலாம் என்று குறிப்பாகக் காட்டுங்கள் என்றார். நூலுக்குள் கை வைக்காதீர்கள், ஓரத்தில் கை வைக்கலாம் என்பதே சாரம்.

எழுத்தைப் படிக்கக் கற்றது

அதன்பிறகுதான் பாடம் தொடங்கியது. கணினியின் பிழையையும் நூலின் நடையையும் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். பழக்கப்பட்ட வாசகருக்கு இது பெரும்பாடு. நாம் எழுத்தைப் படிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிழையை மூளையே திருத்திக் கொடுத்துவிடுகிறது. 'அவா்' எனக்கு 'அவர்' ஆனது அப்படித்தான்.

கணினி தடுமாறும் இடங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரகரத்தின் அடிக்கீற்று அச்சில் தேய்ந்திருந்தால் அது துணைக்கால் ஆகிவிடும். 'மரம்' 'மாம்' ஆகும், 'வரம்' 'வாம்' ஆகும். மங்கிய தாளில் புள்ளி மறைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். எகரமும் ஏகாரமும் அப்படித்தான். 'எடு'வுக்கும் 'ஏடு'வுக்கும் நடுவே ஒரு கீற்றுத்தானே? சில நூல்களில் அத்தியாய எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். ௧ என்ற எண்ணைக் ககரமாகவும் ௨ என்பதை உகரமாகவும் கணினி படித்து வைத்திருக்கும்.

இவற்றில் கொடியது ஔகாரம். 'கௌரவம்' என்பதில் உள்ள ஔகாரக் குறி கணினிக்கு ஒரே எழுத்து. ஆனால் பல பக்கங்களில் அது ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றாகப் பிரிந்து 'கெளரவம்' என்று கிடக்கிறது. திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். தேடும்போதுதான் வேறு வேறு. கணினிக்கு 'கெளரவம்' என்பது கெ, ள, ர, வ, ம் என்ற ஐந்தெழுத்துச் சொல். நானே எத்தனை வினாத்தாள்களில் இப்படித் தட்டியிருக்கிறேன் என்று பார்த்தேன். எல்லாவற்றிலும்.

பழைய எழுத்து வடிவங்கள் தனிக்கதை. தமிழக அரசு 1978-இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா முதலியவற்றில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரம் துதிக்கை போல வளைந்து எழுத்தின் மேல் ஏறியிருக்கும். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தம் ஏட்டில் மாற்றி அச்சிடத் தொடங்கியிருந்தாலும், மற்ற நூல்களில் பழைய வடிவம் நெடுநாள் நீடித்தது. கணினி அந்தத் துதிக்கையைக் கண்டால் திகைத்து எதையாவது போட்டுவிடும்.

இங்கே எனக்கு ஒரு குழப்பம் வந்தது. நூலில் உள்ளபடியே என்றால் பழைய துதிக்கையையும் அப்படியே வைக்க வேண்டாமா? வேண்டாம் என்றார் மூத்தவர். லையை எப்படி வரைந்தாலும் அது லைதான், வடிவம் அச்சகத்துடையது. 'சுவற்றில்' என்று எழுதியது ஆசிரியருடையது. எது யாருடையது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்கென்று ஒரு முறையும் அமைந்தது. முதல் சுற்றில் படத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுத்தைப் பார்ப்பேன். எழுத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் மூளை ஏமாற்றிவிடும். இரண்டாம் சுற்றில் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வருவேன். பொருள் தொடர்ச்சி அறுந்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். மூன்றாவதாக, துணைக்கால்மேல் புள்ளி வைத்த அந்த உருவை மட்டும் தேடு பெட்டியில் போட்டுப் பார்ப்பேன். இப்போது ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

மஞ்சளும் பச்சையும்

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டவணைப் பக்கம் உண்டு. அதில் பக்க எண்கள் வரிசையாக நிறம் பூசி நிற்கும். கணினி கொட்டியது கொட்டியபடி இருந்தால் சிவப்பு. ஒருவர் மெய்ப்பு பார்த்து முடித்தால் மஞ்சள். எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கம் சாம்பல். ஏதோ சிக்கல் இருந்து முடிக்க முடியாவிட்டால் ஊதா. இரண்டாவதாக ஒருவர் சரிபார்த்துவிட்டால் பச்சை.

நான் மஞ்சளாக்கிய பக்கத்தை நானே பச்சையாக்க முடியாது. அந்தப் பொத்தானே எனக்குத் தெரியாது. முதலில் இது அவநம்பிக்கையாகப் பட்டது. நான் மஞ்சளாக்கிய முதல் பக்கத்தை யாரோ பச்சையாக்கிய அன்று வரலாற்றைத் திறந்து பார்த்தேன். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை நிறமிட்டுக் காட்டும் வசதி அதில் உண்டு. மூன்று சுற்று பார்த்தும் என் கண்ணில் படாத இரண்டு பிழைகளை அவர் பிடித்திருந்தார். ஒன்று, 'பொருள்' என்பதில் ரு போய் கு உட்கார்ந்திருந்தது. நான் அதை வாய்விட்டுப் 'பொருள்' என்றே படித்திருக்கிறேன்.

பொதுத்தேர்வு விடைத்தாளை ஒருவர் திருத்தியபின் இன்னொருவர் கூட்டிப் பார்ப்பதில் நமக்குக் கோபம் வருகிறதா? அதுபோலத்தான். இங்கே அந்த இரண்டாமவர் யார் என்றே தெரியாது. அவருக்கும் நான் யார் என்று தெரியாது. எங்களுக்குள் இருக்கும் ஒரே பேச்சு அந்த இரண்டு எழுத்துகள்.

வருகிறவர்களுக்கு

சக ஆசிரியைகள் சிலர் கேட்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று. நான் சொல்வது இவ்வளவுதான்.

பிடித்த நூலில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நூலையும் முடிப்பேன் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் நாள் காணாமல் போகிறார்கள். தொடங்குமுன் அதே நூலில் ஏற்கெனவே பச்சையான ஒரு பக்கத்தைத் தொகுப்பு நிலையில் திறந்து, உள்ளே என்ன குறிகள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உதவிப் பக்கங்களைப் படிப்பதைவிட இதில் சீக்கிரம் கற்கலாம். யாராவது உங்கள் திருத்தத்தைத் திருப்பினால், உடனே அதை மறுபடி திருப்பாதீர்கள். உரையாடல் பக்கத்தில் ஏன் என்று கேளுங்கள். பொதுவான ஐயங்களுக்கு ஆலமரத்தடி என்று ஓர் இடமே இருக்கிறது. விடை தெரிந்தவர் வந்து சொல்வார். அது அன்றைக்கே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது, எல்லோரும் சோற்றுக்கு வேறு வேலை பார்ப்பவர்கள்.

உரிமை விஷயத்தில் கவனம் வேண்டும். எனக்குப் பிடித்த, இன்றும் நம்மோடு வாழும் கவிஞர் ஒருவரின் நூலை ஏற்றலாமா என்று ஆசையாகக் கேட்டேன். கூடாது என்றார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அடுத்தவர் உடைமைதான். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணி 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். 1950-இல் மறைந்தவரின் நூல்கள் 2010 முடிந்தபின்தான் பொதுவுக்கு வரும். நாட்டுடைமை ஆனவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, விசைப்பலகை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைப்பதே எனக்குப் பழக்கம். தொடங்க அதுவே போதும். விரல் வலிக்கத் தொடங்கியபின், தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறைக்கு மாறினேன். இரண்டு வாரம் தடுமாற்றம். பிறகு கை தமிழில் நினைக்கத் தொடங்கிவிட்டது.

பூச்சி தின்ற இடம்

இப்போது நான் பார்க்கும் நூலின் பிரதி ஏதோ ஒரு நூலகத்திலிருந்து வந்தது. பக்கங்களில் வட்ட முத்திரை மங்கலாகத் தெரிகிறது. 61-ஆம் பக்கத்தில் இராமபாணப் பூச்சி ஒன்று நுழைந்து, 68-ஆம் பக்கத்தில் வெளியேறியிருக்கிறது. ஓட்டை சிறியது, மிளகளவு. ஏழு பக்கங்களில் அது வரிகளுக்கு இடையிலும் ஓரத்திலும் புகுந்து போய்விட்டது. 67-ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு சொல்லின் வாலைத் தின்றிருக்கிறது.

'அம்மா சொன்னா' வரை இருக்கிறது. அடுத்த எழுத்து இல்லை.

கணினி அந்த ஓட்டையைப் பார்த்து ஒரு சுழியத்தைப் போட்டு வைத்திருந்தது. அதை நீக்கினேன். இப்போது அங்கே வரவேண்டியது ள் ஆக இருக்கலாம், ர் ஆகவும் இருக்கலாம். இன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை எழுதினால் 'அம்மா சொன்னார்' என்று எழுதச் சொல்வேன். அந்தக் காலத்தில் அம்மாவை அன்போடு 'சொன்னாள்' என்று எழுதியவர்கள் நிறைய உண்டு. இந்த ஆசிரியரோ இரண்டையும் எழுதுகிறார். 40-ஆம் பக்கத்தில் அம்மா 'வந்தாள்'. 52-இல் 'கொடுத்தார்'. 52-ஆம் பக்கத்தில் வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், அதனால் மரியாதை கூடியதோ என்னவோ. 67-இல் அம்மாவும் மகனும் தனியே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ள் தான். கிட்டத்தட்ட உறுதி.

மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். நான்காம் நாள் ஊதா நிறத்தைத் தேர்ந்தெடுத்து, சுருக்கப் பெட்டியில் 'கடைசி எழுத்து பூச்சி அரித்துள்ளது, வேறு பிரதி தேவை' என்று எழுதிச் சேமித்தேன். இதே பதிப்பு யாருடைய வீட்டுப் பரணிலாவது இருக்கும். அவர் வந்து ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுப் போகட்டும்.